அருளப்பு மாஸ்டரின் இரண்டு கைகள்

போன மாதம் ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் ஒரு ரெஸ்டாரண்டில், நான் வேலை பார்த்த யூனிட்டின் நர்ஸ் பெண்கள் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆனவளை மறக்காமல் கூப்பிடுகிறார்களே என்று சந்தோஷமாகப் போனேன். பாதிச் சாப்பாட்டில், மதுரையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி தலையைத் தூக்கி, "ஆன்ட்டி, உங்க டைம்ல பேஷண்ட் கையை பெட்ல கட்டிடுவீங்களாமே, நிஜமாவா?" என்று கேட்டாள். நாங்கள் மனிதக் கறி சாப்பிட்டோமா என்று விசாரிப்பது போல இருந்தது அவள் முகம்.

கட்டினோம்தான். நானே எத்தனையோ பேரைக் கட்டியிருக்கிறேன். இப்போது கட்டு என்பது கடைசிக்கும் கடைசி. அதற்கு முன்னால் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கிறார்கள், குடும்பத்தைக் கூப்பிடுகிறார்கள், விளக்கை மாற்றுகிறார்கள், என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். நல்ல மாற்றம். எங்கள் காலம்தான் பொற்காலம் என்று பேசுகிற ரிட்டயர் ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது சாப்பாட்டு மேஜையில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வேலூரில் நர்சிங் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்த என் வீட்டுக்காரரோடு ஹூஸ்டன் வந்தேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன், ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயந்து அழுதேன், பிறகு அழுதுகொண்டே ஓட்டினேன். ஊரில் நாங்கள் பேஷண்டின் கையைக் கட்டவேண்டுமென்றால் ரோலர் பாண்டேஜை எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். சொந்தக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள், அவர்களே அவிழ்த்தும் விடுவார்கள். அமெரிக்காவில் கட்டுவது இத்தனை பெரிய காரியம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மிசஸ் வீலர்.

மிசஸ் வீலர் எங்கள் யூனிட்டின் தலைமை நர்ஸ். உயரமான டெக்சஸ்காரி, வெள்ளி நிறக் குட்டை முடி, நடந்தால் சத்தம் வராத செருப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் 'ஹனி' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'ஹனி' எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்ஸையும் அவர் கட்டிலில் கட்டிப் போடுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு காலி அறையில் என்னைப் படுக்கச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் பஞ்சு வைத்த துணிப் பட்டையைச் சுற்றினார், வாரைக் கட்டிலோடு கட்டினார், பெல்லை என் உள்ளங்கையில் வைத்தார். "நான் போய்க் காபி எடுத்துட்டு வர்றேன், ஹனி" என்று போய்விட்டார். அதுவரை என் மூக்கில் ஒன்றும் இல்லை. கையைத் தூக்க முடியாது என்று தெரிந்த நிமிஷம் மூக்கு நுனியில் அரிப்பு ஆரம்பித்தது. பெல்லை அழுத்தலாம். ஆனால் மூக்கு அரிக்கிறது, வந்து சொறிந்துவிடுங்கள் என்று மேலதிகாரியைக் கூப்பிட எந்தத் திருநெல்வேலிக்காரிக்கு மனசு வரும்? தலையணையில் தேய்த்தேன், முகத்தைச் சுளித்தேன், ஊதிப் பார்த்தேன். அவர் நிதானமாகக் காபியோடு வந்து, "என்ன நினைச்சே?" என்று கேட்டார். "உங்களைத் திட்டினேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "நல்லது. பேஷண்டும் உன்னைத் திட்டுவார். அப்ப கோபப்படாதே" என்றார்.

அதன் பிறகுதான் கட்டுவது எப்படி என்று காட்டினார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் பட்டையைத் தொடக்கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் போகவேண்டும். வாரைப் பக்கக் கம்பியில் கட்டக்கூடாது, ஏனென்றால் கம்பியை இறக்கும்போது கை முறுக்கிக்கொள்ளும். கட்டிலோடு சேர்ந்து ஏறி இறங்கும் சட்டத்தில்தான் கட்டவேண்டும். முடிச்சு, நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமாக விழவேண்டும். அவ்வப்போது அவிழ்த்து, விரல்களை மடக்கி நீட்டி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் வேண்டுமா என்று கேட்கவேண்டும். மிசஸ் வீலர் வராண்டாவில் போகிறபோக்கில் உள்ளே வந்து எங்கள் முடிச்சு நுனியை ஒரு விரலால் இழுப்பார். விழவில்லையென்றால் அன்று மிக மெதுவான 'ஹனி' ஒன்று கிடைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாரம், லீவு முடிந்து வேலைக்குப் போனேன். பிள்ளைகளோடு லீவு கழித்த களைப்பு தீர வேலைக்குப் போவது என் வழக்கம். அன்று எனக்குக் கொடுத்த பேஷண்ட் ஜோசப் அருளப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். கத்தோலிக்கச் சாமியாராகப் போகப் படித்து, பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். இலத்தீன் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஊரில் எழுபத்தேழாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு மனைவி, மகளோடு ஹூஸ்டன் வந்து, ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் டெக்சஸ் பிள்ளைகளுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். வந்த அடுத்த வருஷமே மனைவி காலமாகிவிட்டார். மகள் ரஞ்சினி, நாலு மணி நேரம் கார் ஓட்டும் தூரத்திலிருக்கிற காப்பெலில் குழந்தைகள் டாக்டர்.

அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, வயிற்றை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் அந்தப் புதுத் தையலைத் தாண்டி இறங்கும். மற்ற பேஷண்ட் அந்தக் குழாயை உருவிவிட்டால் திட்டிக்கொண்டே நாங்கள் திரும்பப் போட்டுவிடுவோம். இவருக்கு அது முடியாது. கண்ணால் பார்க்காமல் குழாயைத் தள்ளினால் தையல் கிழிந்து உயிரே போய்விடும். மயக்கம் தெளிந்தபோது மனிதர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த ஷிஃப்ட் நர்ஸ் பாய்ந்து பிடித்துவிட்டாள். மகளும் கட்டச் சொல்லிக் கேட்க, சர்ஜன் கையெழுத்துப் போட்டார். காப்பெலில் தன் பேஷண்டுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகள் கிளம்பிப் போயிருந்தாள்.

குழப்பமாக இருக்கிறார், அர்த்தமில்லாமல் முணுமுணுக்கிறார் என்று முந்தின ஷிஃப்ட் நர்ஸ் எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே போனேன். கட்டிய கைகளோடு, கண்ணை மூடி, தொண்டை கரகரக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத் தமிழாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். எனக்கு அது பாதிதான் புரியும். காதைக் கொடுத்துக் கேட்டேன், கால்வாசிகூடப் புரியவில்லை.

"என்ன அங்கிள், தனியா பேசிட்டிருக்கீங்க?"

கண்ணைத் திறந்தார். தமிழைக் கேட்டதும் அந்த முகத்தில் வந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. "நீங்கள் தமிழோ, பிள்ளை? இது இலத்தீன். மூக்குக் கடிக்குது. கடிக்கிற நேரமெல்லாம் ஒரு வினைச்சொல்லைத் துவங்கி முழு வாய்ப்பாட்டையும் சொல்லுறன். முடியிறதுக்கிடையில கடி போயிடும்."

அரிப்பதைத்தான் அவர்கள் கடிக்கிறது என்பார்கள். குழாயைச் சுற்றின பிளாஸ்திரி ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறோம், ஒருத்திக்கும் இலத்தீன் தெரியாமல் போனதால் ஒரு மனிதர் தன்னை அடக்கிக்கொள்ள எடுத்த முயற்சியையே நாங்கள் குழப்பம் என்று எழுதிவைத்திருக்கிறோம். எங்கே இருக்கிறோம், என்ன ஆபரேஷன், இன்று என்ன கிழமை என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். குழாயை ஏன் தொடக்கூடாது என்பதை என்னைவிட அழகாகச் சொன்னார்.

"அப்ப கையை அவிழ்க்கச் சொல்லிக் கேக்கலாமே மாஸ்டர்" என்றேன். பார்த்த அரை மணி நேரத்தில் அங்கிள் மாஸ்டராகிவிட்டார்.

"கேட்டனான். கட்டியிருக்கிற ஆள் கேட்டால் ஆர் நம்புவினம்? கேக்கக் கேக்க முடிச்சு இறுகும்."

உடம்பு துடைத்துவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். ரோமாக்காரர்களைப் பற்றிப் பேசினால் வலி மறந்துபோகும் போலிருக்கிறது அவருக்கு. வெளியே இருக்கிற விலங்கு பெரிய விஷயமில்லை, ஆசைக்கும் கோபத்துக்கும் பயத்துக்கும் அடங்கி நடக்கிறவன்தான் அடிமை என்பது அங்கே ஒரு சாராரின் எண்ணமாம். தன்னை ஆளத் தெரிந்தவன் சங்கிலியில் இருந்தாலும் சுதந்திரன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப கட்டு இருந்தா என்ன மாஸ்டர்? உள்ளுக்குள்ள ஃப்ரீயாத்தானே இருக்கீங்க?"

அவர் சிரித்தார், தையல் வலித்ததும் நிறுத்திக்கொண்டார். "அது நல்ல கேள்வி. என்ர மாணவர் ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் மூக்குக் கடிக்குதே, பிள்ளை."

"அவங்க வீட்டுல எல்லாம் அடிமை வச்சிருந்தாங்களே. அப்படித்தான் நான் கேள்விப்பட்டிருக்கேன்."

"ஓம். அதுதான் அவையின்ர பிழை. தன்ர மனசை ஆளத் தெரிஞ்ச ஆளுக்கு, பக்கத்தில நிக்கிறவன்ர கையை அவிழ்க்கத் தெரியேல்லை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனால் ஒண்டு சொல்லுறன். கையைக் கட்டிப்போட்டு, இவர் குழாயைத் தொடேல்லை, நல்ல மனுசன் எண்டால் அதில என்ன இருக்கு? அவிழ்த்துவிட்டாப்பிறகும் நான் தொடாமல் இருந்தால்தான் அது என்ர குணம். சுதந்திரம் இல்லாத இடத்தில ஒழுக்கம் எண்டு ஒண்டு இல்லை."

எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்ட கதை ஒன்று ஞாபகம் வந்தது. ஓர் ஊழியக்காரரைக் கட்டிப்போட்டு அடிக்கப் போகும்போது, அவர் ரோமக் குடிமகன் என்று தெரிந்ததும் படைத்தலைவன் பயந்துபோனான். விசாரிக்காமல் கட்டியது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். நாங்களும் விசாரிக்காமல்தான் இவரைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. நேரே மிசஸ் வீலரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் உடனே அவிழ்த்துவிடவில்லை. நாற்காலியை இழுத்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணையும் விரல்களையும் மாறிமாறிக் கவனித்தார். பிறகு ஒரே இழுப்பில் வலது கை முடிச்சை விழவைத்தார். மாஸ்டரின் கை மேலே போயிற்று. குழாய்க்கு ஒரு விரல் தள்ளி, மூக்கின் மறுபக்கத்தை அவர் சொறிந்தார். அத்தனை நிதானமாக, அத்தனை சுகமாக ஒரு மனிதர் மூக்கைச் சொறிந்து நான் பார்த்ததில்லை. கையைத் திரும்பப் போர்வை மேல் வைத்துக்கொண்டார். மிசஸ் வீலர் இன்னும் காத்திருந்தார். பிறகு இடது கையையும் அவிழ்த்துவிட்டு, சர்ஜனுக்குப் போன் பண்ணினார். குழப்பம் தெரிந்தால் உடனே சொல்லவேண்டும் என்று நிபந்தனை போட்டு அவரும் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை ரஞ்சினி காப்பெலிலிருந்து தனியாக டிரைவ் பண்ணி வந்தாள். அப்பாவின் கைகள் சும்மா கிடப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டாள். சின்ன வயசில் வந்தவள், தமிழ் முழுக்கப் புரியும், பேசுவது இங்கிலீஷ்தான். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இது என் அப்பாவோட உயிர். அவர் நல்லாப் பேசுவார், எல்லாரையும் கன்வின்ஸ் பண்ணிடுவார். கன்ட்ரோல்ல இருக்கிற மாதிரி காட்டிக்கிறதுதான் அவருக்கு வாழ்க்கையே."

"இப்ப அவருக்குத் தெளிவா இருக்கும்மா. நாங்க பாத்துட்டுத்தான் இருக்கோம்."

"உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா ஃப்யூனரல்ல அவர் ஒரு சொட்டு அழலை. நான் கத்தி அழுதேன், எனக்கு அப்ப பதிமூணு வயசு. அவர் கையைக் கட்டிட்டு நின்னார். எல்லாம் முடிஞ்சப்புறம் பார்க்கிங் லாட்டுல ஃபாதரைக் கூப்பிட்டு, ஜெபத்துல ஒரு இலத்தீன் வார்த்தைக்குக் கடைசி எழுத்து தப்புன்னு சொன்னார். அன்னைக்கு நான் அவரோட ஒரே கார்ல வீட்டுக்குப் போகலை." அவள் கண் கலங்கவில்லை. குரல்தான் கெட்டியானது. "அவர் ஸ்ட்ராங்கா இருக்கார்னு நீங்க நம்பி அவரை விடாதீங்க. அவ்வளவுதான்."

பெற்ற தகப்பன் மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் இருந்தும், அவளிடம் கோபமாகப் பேச எனக்கு வரவில்லை. லீவு எடுத்து, அத்தனை மைல் ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே நின்று இதைச் சொல்கிறாளே, அது வெறுப்பு இல்லை. மாஸ்டரிடம் இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க அப்பாவும் மகளும் மழையைப் பற்றியும் கார் டயரைப் பற்றியும் பேசினார்கள்.

ஞாயிறு மதியம் காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுதான். சர்ஜன் வந்து பார்த்து மருந்தை மாற்றினார். தையலுக்கு ஒன்றும் இல்லை என்றார். அவர் போனபின் நான் சலைன் மாற்றிக்கொண்டிருந்தேன். ரஞ்சினி ஜன்னல் பக்கம் நின்றாள். மாஸ்டர் வினைச்சொல் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றுபோனார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் மறுபடி நின்றார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயம் இருந்தது.

"பிள்ளை, வாய்ப்பாடு வருகுதில்லை. எனக்கு என்னவோ செய்யுது. இந்தச் சுவர் நகருது. நான் நானா இருக்கேக்கை ஒண்டும் தொடமாட்டன். நான் இல்லாமல் போனால்..." இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். "கட்டுங்கோ. நானே சொல்லுறன். கட்டுங்கோ."

எத்தனையோ பேரைக் கட்டியவள் நான். பட்டையை எடுக்காமல் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கடைசி மட்டும் தன்னைத் தானே காவல் காத்தவர், தன் காவல் தளர்வதையும் தானே கண்டுபிடித்துச் சொல்கிறார். இதைவிடப் பெரிய அடக்கம் எந்த ரோமாக்காரனிடம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மிசஸ் வீலரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். மூச்சு ஏற்கெனவே பலவீனமாக இருந்ததால் தூக்க மருந்து கொடுக்க முடியாது. கட்டினால் குழப்பத்தில் வெறிகொண்டு இழுப்பார், அந்த இழுப்பிலேயே தையல் பிய்யலாம். கட்டாவிட்டால் குழாயை உருவுவார். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை. எனக்கு இன்னும் மூன்று பேஷண்ட் இருந்தார்கள்.

"ப்ளீஸ், கட்டிடுங்க" என்றாள் ரஞ்சினி. "நான் சைன் பண்ணுறேன்."

மிசஸ் வீலர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மிக மெதுவாகப் பேசினார். "ஹனி, சர்ஜன்கிட்ட ஆர்டர் வாங்க எனக்கு ஒரு போன் கால் போதும். இல்லேன்னா நீ இந்த நாற்காலியில உட்காரலாம். ரெண்டுல எதுன்னாலும் நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

ரஞ்சினி வாசலைப் பார்த்தாள். அப்பாவின் நீட்டிய கைகளைப் பார்த்தாள். பிறகு மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மிசஸ் வீலர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டைப் பிடிக்காதே, பிடித்தால் சண்டை போடுவார். உன் உள்ளங்கையை அவர் உள்ளங்கைக்குக் கீழே வை. அவர் கை எங்கே போகிறதோ உன் கையும் கூடப் போகட்டும். போர்வையைத் தடவட்டும், கம்பியைப் பிடிக்கட்டும், காற்றில் எழுதட்டும். தோள்பட்டை எலும்பைத் தாண்டி மேலே போனால் மட்டும் விரலை மூடிக் கீழே கொண்டு வா. கீழே வந்ததும் திறந்துவிடு. டாக்டருக்குப் படித்த பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சாயந்திரம் ஆகும்போது மாஸ்டர் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தார், ரயிலில் இருந்தார், கடலோரம் எங்கேயோ இருந்தார். கை மேலே போகும், ரஞ்சினி கூடப் போவாள், விரலை மூடிக் கீழே கொண்டுவருவாள், திறப்பாள். ஒருமுறை கையை உதறி அவள் கன்னத்தில் அடித்துவிட்டார். நகம் மணிக்கட்டில் கீறியது. அவள் கை மட்டும் நகரவில்லை. மற்ற பேஷண்டுகளைப் பார்த்துவிட்டு ஓடி ஓடி வந்து நான் எட்டிப் பார்ப்பேன். "நான் இருக்கேன் ஆன்ட்டி, யூ கோ" என்பாள்.

நான் மருந்து ஊசியோடு உள்ளே போன ஒரு நேரத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார். சின்னப் பிள்ளை அழுவது போல வாய்விட்டு. ரஞ்சினியின் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளை வேறு யாரோவாகப் பார்த்துப் பேசினார்.

"மணி, வீட்டை போவம். குசினியில லைற் எரியுது." செல்வமணி என்பது அவர் மனைவி பெயர், குசினி என்றால் சமையலறை. "மணி, நான் அழேல்லை எண்டு நீ நினைச்சுப்போட்டியோ? பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள் மணி. நானும் உடைஞ்சு போனால் அவள் ஆரைப் பிடிச்சுக்கொள்ளுவாள்? அதுதான். அதுதான் மணி. எனக்குக் கத்தவேணும் போல இருந்தது. ஃபாதரோட ஏதோ இலத்தீன் கதைச்சனான். என்ன கதைச்சனான் எண்டே தெரியாது."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். ரஞ்சினி அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அவள் மூக்கு வழியாக இறங்கி உதட்டில் நின்றது. துடைக்கவேண்டுமானால் ஒரு கையை எடுக்கவேண்டும். அவள் எடுக்கவில்லை. நான்தான் துணியால் துடைத்துவிட்டேன்.

என் ஷிஃப்ட் முடிந்தும் நான் கொஞ்ச நேரம் இருந்தேன். அடுத்த ஷிஃப்டில் உட்கார ஆள் கிடைத்தும் ரஞ்சினி எழுந்திருக்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன். குழாய் இருந்த இடத்தில் இருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே போயிற்று, கட்டவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் உள்ளே போகும்போது மாஸ்டர் விழித்திருந்தார், தெளிவாக இருந்தார். தாடி வளர்ந்து முகம் பாதியாகியிருந்தது. ரஞ்சினி அதே நாற்காலியில். மாஸ்டர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் பட்டை அடையாளம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் அவ்வளவு பயந்து பேசி நான் கேட்டதில்லை, ஆபரேஷனுக்குக்கூட அப்படிப் பயந்தவர் இல்லை.

"நான் ஏதும் கதைச்சனானோ?"

நான் வாயைத் திறக்கப் போனேன். உண்மையைச் சொல்லவேண்டும் போல் இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷமாகக் கிடந்தது விலகிவிட்டது, அவருக்கும் அது தெரியட்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஆனால் ரஞ்சினி முந்திக்கொண்டாள். நான் அவளிடம் அதுவரை கேட்டிராத தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"இல்லை அப்பா. ஒண்டும் கதைக்கேல்லை. நீங்கள் சும்மா படுத்திருந்தனீங்கள்."

அவர் நம்பவில்லை. சாட்சிக்கு என்னைப் பார்த்தார்.

"ஆமா மாஸ்டர்" என்றேன். "உங்க வினைச்சொல்லைத்தான் சொல்லிட்டே இருந்தீங்க."

"பிழையில்லாமல் சொன்னனானோ?"

"அதை யார் கண்டா? எங்களுக்கு இலத்தீன் தெரியுமா?"

மாஸ்டரின் தோள் தளர்ந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடினார். ரஞ்சினி சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டுக் கீறலை மூடிக்கொண்டாள். அவர் போர்வையைச் சரிசெய்தாள், தண்ணீர் தொட்ட பஞ்சால் அவர் உதட்டை நனைத்தாள், காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நாலு எட்டு நிதானமாக நடந்தாள். பிறகு எங்கள் துணி அலமாரி அறைக்குள் ஓடி, அடுக்கி வைத்திருந்த போர்வைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காமல் அழுதாள். நான் அந்தக் கதவை இழுத்து மூடிவிட்டு, யாரும் உள்ளே போகாதபடி வெளியே நின்றுகொண்டேன்.